அம்மா விழுந்து கிடந்தார், அப்பா டீ கேட்டார்

கோத்தகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு, அடையாளம் காட்டக்கூடிய ஓரிரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 64 வயது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஆறு வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றவர். நெரிசலில் தொங்கிக்கொண்டு வரும் கூட்டத்தில் டிக்கெட் எடுக்காதவன் யார் என்று மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிடுவாராம். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் எந்தக் குழந்தைக்கு வாந்தி வரப்போகிறது என்று பெற்றவளுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்; ஜன்னல் ஓரம் இடம் வாங்கிக் கொடுப்பார்.

அந்த மனிதர், போன மழைக்காலத்தில் அம்மா வாசல் படியில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு உடைந்து அழுதுகொண்டிருந்தபோது, அவரைத் தாண்டி அடுப்படிக்குப் போய் "டீ ஆச்சா?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா சாவு வீட்டில் சத்தமாகச் சிரித்திருக்கிறார். தினமும் ஒரு பெரிய பொட்டலம் இனிப்பு வர்க்கி பிஸ்கட் தீர்ந்துவிடுகிறது. சில்லறையை எண்ணி அடுக்கி, கலைத்து, மறுபடி எண்ணுகிறார். பஸ் ஸ்டாண்டில் பழக்கமான யாரோ ஒருவருக்கு 35,000 ரூபாயைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டார். கரடி நடமாட்டம் இருக்கிறது என்று ஊரே கதவைச் சாத்தும் நேரத்தில் தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்கக் கிளம்புகிறார்.

டாக்டரிடம் போனார்கள். 30 மதிப்பெண் ஞாபகப் பரிசோதனையில் அப்பா 27 வாங்கினார். "மறதி நோய் எல்லாம் இல்லை, ரிட்டயர் ஆன மன வருத்தம்" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். திருப்பூரில் இருக்கும் அண்ணன், "அப்பா வேணும்னே பண்றார்" என்கிறார். அம்மா, "நாப்பது வருஷம் வாழ்ந்தவருக்கு நெஞ்சு கல்லாயிடுச்சு" என்று சாப்பிடாமல் கிடக்கிறார். மகள் இணையத்திலிருந்து முக பாவனைப் படங்களை அச்செடுத்து, தினமும் ராத்திரி அப்பாவை உட்கார வைத்து "இது கோபமா, பயமா?" என்று கேட்டுப் பழக்குகிறார். எல்லாப் படத்துக்கும் அப்பா ஒரே பதில்தான் சொல்கிறாராம்: "நல்லாத்தான் இருக்கான்."

இது நோயா, பிடிவாதமா? பயிற்சி கொடுத்தால் திரும்ப வருமா? அப்பாவிடமிருந்து பவர் பத்திரம் எழுதி வாங்கச் சொல்கிறார் அண்ணன், செய்யலாமா? கடைசியாக ஒரு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படித்து நோய்க்குப் பெயர் சூட்டக் கூடாது, நானும் சூட்டப் போவதில்லை. ஆனால் எனக்கு வந்த சந்தேகத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் எழுதியதற்கே பலன் இல்லை. ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்று ஒரு வகை இருக்கிறது. மூளையில் நெற்றிக்குப் பின்னாலும் கன்னப்பொட்டுக்கு உள்ளேயும் இருக்கும் பகுதிகள் மெல்லச் சுருங்கும் நோய். பெரும்பாலும் 45-க்கும் 65-க்கும் இடையில் தொடங்கும். அதில் அதிகம் காணப்படும் வகை ஞாபகத்தை அல்ல, நடத்தையைத்தான் முதலில் தொடும். 2011-இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று இதைச் சந்தேகிக்க ஆறு அடையாளங்களை வகுத்தது. மூன்று இருந்தாலே சந்தேகப்படலாம். இடம் பொருள் தெரியாத பேச்சும் சிரிப்பும், அடுத்தவர் வலியில் அக்கறை போவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, சாப்பாட்டு ருசி மாறி இனிப்பு மேல் விழுவது. இந்த நான்கையும் நீங்கள் தெரியாமலேயே எழுதியிருக்கிறீர்கள். மீதி இரண்டு: எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது, ஞாபகம் ஓரளவு நன்றாக இருக்கும்போதே திட்டமிடும் திறன் குறைவது.

டிமென்ஷியாவுக்குத் தமிழில் "மறதி நோய்" என்று பெயர் வைத்தோம். சுலபமாகப் புரியட்டும் என்றுதான் வைத்தோம். பாதிக் குழப்பம் அங்கிருந்தே வருகிறது என்பது என் எண்ணம். மறதி இல்லையென்றால் நோயும் இல்லை என்று குடும்பம் நினைக்கிறது, சில சமயம் டாக்டரும் நினைத்துவிடுகிறார்.

27 மார்க் எதைச் சொல்கிறது

அப்பாவுக்குச் செய்தது பெரும்பாலும் 1975 முதல் புழக்கத்தில் இருக்கும் பரிசோதனையாக இருக்கும். இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று வார்த்தைகளைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் கழித்துச் சொல்லுங்கள், 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள். ஆயுசு முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு மீதிச் சில்லறை கொடுத்தவருக்கு ஏழு கழிப்பது ஒரு வேலையா? அந்தக் கேள்வியில் முழு மார்க் வாங்கியிருப்பார். அந்தப் பரிசோதனையில் முகம் பற்றி ஒரு கேள்வி கூடக் கிடையாது.

சிந்தனைத் திறன் ஒற்றைத் திறன் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அதை ஆறாகப் பிரித்திருக்கிறார்கள்: கவனம், திட்டமிட்டுச் செயல்படுதல், கற்றலும் ஞாபகமும், மொழி, கண்ணால் பார்த்துக் கையால் செய்வது, ஆறாவதாக மற்றவர் மனதைப் புரிந்து நடப்பது. இந்த ஆறாவதற்குத் தமிழில் புதுச்சொல் தேடவே வேண்டாம், குறிப்பறிதல் என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டோம். முக பாவனையை வாசிப்பது அதில் ஒரு பகுதி. கேலியைக் கேலி என்று புரிந்துகொள்வதும், எதிரே இருப்பவன் பொய் சொல்கிறான் என்று உறைப்பதும் அதிலேயே சேர்த்தி. அந்த 35,000 ரூபாய் போனதற்கும் அம்மா அழுதது அவருக்கு எட்டாததற்கும் வேர் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அல்சைமர் நோயிலும் முகம் வாசிப்பது குறையும், ஆனால் வரிசை வேறு. அங்கே ஞாபகமும் கவனமும் முன்னால் சரியும், முகம் வாசிப்பது பெரும்பாலும் அவற்றோடு சேர்ந்து மெல்ல இறங்கும். சிரிப்பைக் கண்டுகொள்வது ரொம்ப நாள் நிற்கும்; பயம், சோகம், அருவருப்பு போன்றவைதான் முதலில் குழம்பும். உங்கள் அப்பாவுக்கு நான் சந்தேகப்படும் வகையில் ஞாபகம் நிற்கும்போதே குறிப்பறிதல் போய்விடும். அதனால்தான் வீட்டாருக்கு அது நோயாகத் தெரியாமல் குணமாகத் தெரிகிறது.

"வேணும்னே பண்றார்"

உங்கள் அண்ணனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். கண்டக்டர் விசில் அடிக்கிறார், டிரைவருக்குக் காது கேட்கவில்லை, வண்டி நிற்காமல் போகிறது. இறங்க வேண்டியவர் மேல் டிரைவருக்கு என்ன கோபம்?

ஒரு முகத்தைப் பார்த்து "வலிக்கிறது போல" என்று நமக்குத் தோன்றுவது கண் சிமிட்டும் நேரத்தில் நடக்கிற வேலை. யார் முகம் என்று அறிய ஒரு பாதை, அந்த முகத்தில் என்ன உணர்ச்சி என்று அறிய இன்னொரு பாதை. அப்பாவுக்கு அம்மாவைத் தெரிகிறது, பெயர் சொல்கிறார், அடுப்படி எங்கே என்று தெரிகிறது. இரண்டாவது பாதையில் இருக்கும் அமிக்டலா, இன்சுலா போன்ற பகுதிகளைத்தான் இந்த நோய் சீக்கிரம் பிடிக்கும். அதிலும் மூளையின் வலது பக்கம் அதிகம் பாதிக்கப்பட்டால் குறிப்பறிதல் கூடுதலாக அடிபடும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வாசிப்பது மட்டும் போய், உள்ளே பாசம் பழையபடி பொங்கிக்கொண்டிருக்கிறது என்று நான் எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் இந்த வகை நோயில் உள்ளே எழும் உணர்ச்சியும் மங்கலாம். அம்மாவுக்குத் தெரிய வேண்டியது, அது அவர் மேல் வந்த வெறுப்பு அல்ல என்பது. "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்ற பழமொழியை இந்த ஒரு வீட்டில் கொஞ்ச காலத்துக்கு எடுத்து வையுங்கள். அப்பாவின் அசையாத முகத்தைப் பார்த்து அவர் மனதைக் கணிக்கவும் கூடாது, நம் முகத்தைப் பார்த்து அவர் புரிந்துகொள்வார் என்று காத்திருக்கவும் கூடாது.

வாயால் சொல்லுங்கள். சின்ன வாக்கியமாக, என்ன நடந்தது, அவர் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து. "அப்பா, அம்மா விழுந்துட்டாங்க. கை வலிக்குது. நாற்காலி கொண்டு வாங்க." என்னிடம் வரும் ஒரு அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "அழறதைக் கூட அறிவிப்பு கொடுத்துட்டா அழணும்?" என்று கோபித்துக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து வந்து சொன்னார்: "நான் அழறேன், துண்டு எடுங்கன்னேன். எடுத்துக் கொடுத்துட்டு டிவி பார்க்கப் போயிட்டார்." அந்த அம்மாவுக்கு அதில் வருத்தமும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. சாப்பிடாமல் கிடப்பதை விட்டிருந்தார்.

அந்தப் படங்களை எடுத்து வைத்துவிடுங்கள்

உங்கள் உழைப்பு தெரிகிறது, ஆனாலும் நிறுத்தச் சொல்கிறேன். முகப் படங்கள் மருத்துவர்களும் உளவியலாளர்களும் பயன்படுத்தும் கருவிதான். 1976-இல் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் பிரபலம்: மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு என்று ஆறு. அவை எல்லாம் வெளிநாட்டு முகங்கள். நம் பக்கத்துப் பெரியவர் திணறினால் நோயால் திணறுகிறாரா, அந்நிய முகத்தால் திணறுகிறாரா என்று நானே பல தடவை யோசித்திருக்கிறேன். அதனால் ஒரே படத்தை நீட்டி "இது என்ன?" என்று கேட்டு நாங்கள் முடிவுக்கு வருவதில்லை. முதலில் இரண்டு படங்களைக் காட்டி இருவரும் ஒரே ஆளா என்று கேட்போம். அது கண் பார்வையையும் முக அடையாளத்தையும் சோதிக்க. அப்புறம் "இந்த நாலில் கோபமாக இருப்பவரைத் தொட்டுக் காட்டுங்கள்" என்போம். உணர்ச்சி புரிந்தும் அதற்கான சொல் வாயில் வராதவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் முகம் வாசிப்பதில் குறை என்று சொல்லலாம்.

இது கண்டுபிடிக்கப் பயன்படும் கருவி, குணப்படுத்துவது அல்ல. படத்தில் பழக்கியது வீட்டு முகத்துக்குப் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்ததில்லை. தினமும் ராத்திரி பரீட்சை நடத்தி, தினமும் அவர் தோற்று, நீங்கள் அழுதுகொண்டே படுக்கப் போவதுதான் மிச்சம்.

அதற்குப் பதில் அவருக்கு முகம் தெரிய வழி செய்யுங்கள். நம் மலையில் மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி வீடு இருட்டிவிடுகிறது. நீங்கள் குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று பேசினால், நல்ல மூளைக்கே உங்கள் முகம் வெறும் நிழல்தான். விளக்கைப் போடுங்கள், மஃப்ளரைக் கீழே இறக்குங்கள், அவர் எதிரே உட்கார்ந்து பெயரோ உறவோ சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். கண்ணில் புரை, காது மந்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இது நோயைத் தொடாது, ஆனால் நோயோடு சேர்ந்துகொண்ட வேறு குறைகளைக் கழிக்கும்.

வீட்டில் அல்சைமர் நோயாளியை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "அவங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்று அவர்கள் எதிரிலேயே சண்டை போடாதீர்கள். 2014-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகப் படக் காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தது என்ன என்பது பலருக்கு மறந்துவிட்டது. அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் அதற்குப் பிறகும் தங்கியிருந்தன. காலையில் போட்ட சண்டை மறந்துபோன பாட்டி மத்தியானம் காரணம் தெரியாமல் அழுவது இதனால்தான்.

இனி யாரைப் பார்ப்பது

நான் சொன்ன அடையாளங்கள் வேறு காரணங்களாலும் வரலாம். மன அழுத்தம், குடி, மூளையில் கட்டி, தைராய்டு, பி12 குறைவு என்று பட்டியல் இருக்கிறது; சிலவற்றைச் சரிசெய்துவிடலாம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். அங்கிருந்து கோவையில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க எழுதித் தரச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள். ஆரம்பத்தில் அது "நார்மல்" என்று வரவும் கூடும். வந்தால் அதோடு கதை முடிந்தது என்று திரும்பி வந்துவிடாதீர்கள், ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

போகும்போது கையில் ஒரே ஒரு தாள் இருக்கட்டும். எந்த வருடம் என்ன மாறியது என்று நாலைந்து சம்பவங்கள், எனக்கு எழுதியது போலவே. டாக்டர் அறையில் அப்பா பத்து நிமிடம் ஜோராகப் பேசுவார். அந்தத் தாள் இல்லாவிட்டால் மறுபடி 27 மார்க்தான்.

இப்போது கொடுக்கும் மன அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். அந்த வகை மாத்திரைகளில் சில, இந்த நோயின் அடக்கமில்லாத நடத்தையையும் இனிப்பு வெறியையும் ஓரளவு குறைக்கின்றன. அதே சமயம், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு டோனபெசில் கேட்டது என்று நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் கூடாது. அது அல்சைமர் நோய்க்கு உதவும் மருந்து. நான் சந்தேகப்படும் நோயில் பலன் இல்லை, சிலருக்கு நடத்தை மோசமாகியும் இருக்கிறது. நோயை நிறுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை.

இரண்டு ஆபத்துகளுக்கு மட்டும் காத்திருக்காமல் இன்றே ஏதாவது செய்யுங்கள். ஒன்று வர்க்கி. வாய் நிறைய அடைத்துக்கொண்டு காய்ந்த வர்க்கியை விழுங்கினால் தொண்டையில் சிக்கும். டப்பாவை அவர் கைக்கு எட்டாமல் வைத்து, ஒரு தட்டில் இரண்டு மட்டும், டீயோடு. இன்னொன்று அந்தச் சாயங்கால நடை. "கரடி வரும், பயமில்லையா?" என்று கேட்டுப் பலன் இல்லை, அந்தப் பயம் எழ வேண்டிய இடத்திலேயே கோளாறு. நாலு மணிக்கே யாராவது கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துவிடுங்கள். தினமும் அதே நேரம், அதே வழி. திரும்பத் திரும்பச் செய்யும் குணம் இந்த இடத்தில் உங்களுக்கு உதவும்.

பணமும் பவர் பத்திரமும்

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தத் தவறைப் பல குடும்பங்களில் பார்த்துவிட்டேன். பவர் எழுதிக் கொடுத்தவர் பின்னால் முடிவெடுக்கும் மனநிலையை இழந்துவிட்டால் அந்தப் பவர் செல்லாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதாவது எப்போது தேவைப்படுமோ அப்போது கைவிட்டுவிடும். இப்போதே அவருக்கு எழுதுவதன் பொருள் புரியவில்லை என்றால் எழுதி வாங்குவதே தவறு. நாளைக்கு அண்ணன் தங்கைக்குள் வழக்கும் வரும். இப்போதைக்குச் சின்னதாகச் செய்யுங்கள். பென்ஷன் கணக்கில் அம்மா பெயரையும் சேர்க்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். அவர் கையில் இருக்கும் கார்டுக்கு ஒரு நாளைய வரம்பைக் குறைத்து வையுங்கள். செய்தி உங்கள் போனுக்கு வரட்டும். சட்டைப் பையில் நூறு, இருநூறு ரூபாய்ச் சில்லறை எப்போதும் இருக்கட்டும். அவருக்கு எண்ணுவதற்கும் வேண்டும். சொத்து விஷயம் இருந்தால் நோய் என்ன என்று தெரிந்த பிறகு வக்கீலைப் பாருங்கள். அப்பா தன் வாயால் தன் விருப்பத்தைச் சொல்ல முடிகிற காலத்தில் அவரையும் உட்கார வைத்தே பேசுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி. நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது காலை 8.10-க்கு அப்பா கேட்டுக்கு வந்து நின்று, நீங்கள் படி இறங்கியதும் "ரைட், போலாம்" என்று குரல் கொடுக்கிறார், ஒரு நாளும் தவறியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "இது பாசமா, பழக்கமா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதைப் பிரித்துச் சொல்ல என்னிடம் பரிசோதனை இல்லை. பழக்கம் என்றுதான் புத்தகம் சொல்லும். கேட் வரைக்கும் வந்து நிற்கிற பழக்கம் எதிலிருந்து வந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் திரும்பிப் பார்த்துக் கை மட்டும் காட்டாமல், "அப்பா, போயிட்டு சாயங்காலம் வர்றேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அண்ணனை ஒரு வாரம் லீவு போட்டு வந்து வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து, சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் மலை இறங்கிப் போவது கணக்கில் வராது. அந்த ஒரு வாரம் உங்கள் அம்மா அவருடைய தங்கை வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வரட்டும். இரவில் யாருக்காவது தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் பேசுங்கள். அது அரசின் டெலி மனஸ் உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.